யாருடைய காலனி? ஓர் ஆங்கிலச் சொல் சேரிக்கு வந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நடத்திய மாலை நேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம். ‘காலனி ஆதிக்கம்’ என்ற சொல் வந்தது. இதற்கு அர்த்தம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, “தெரியும்க்கா. ஊர்க்காரங்க காலனிய அடக்கி வைக்கிறது” என்றாள்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி, பிளாசிப் போர் என்று கரும்பலகையில் எழுதக் குறிப்பெடுத்து வைத்திருந்த நாங்கள்தான் கொஞ்ச நேரம் பேச்சு வராமல் நின்றோம். அவளைத் திருத்துவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவுசெய்ய முடியவில்லை. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்பதால் பாடப்புத்தகப் பதிலையும் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் அவள் சொன்னது எங்களை விடவே இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாகவும் வசையாகவும் மாறிவிட்டது என்பது காரணம். அறிவிப்பு வந்த அன்றே மாணவத் தோழர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: இது நல்லதா, கண்துடைப்பா? ஒரு வரியில் பதில் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஒரு சொல்லை வெளியே அனுப்புவதற்கு முன் அது எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று பார்த்துவிடலாம்.

அது வந்த வழி ரோமிலிருந்து தொடங்குகிறது. லத்தீனில் ‘கொலோனுஸ்’ என்றால் உழவன். நிலத்தைப் பண்படுத்துவது, ஓரிடத்தில் குடியிருப்பது இரண்டையும் குறிக்கும் ‘கொலேரே’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல். இன்று எல்லோரும் பெருமையாகச் சொல்லும் ‘கல்ச்சர்’ என்பதற்கும் அதே வேர்தான். ரோமானியர்கள் ஒரு பகுதியைப் பிடித்தால், ஓய்வுபெற்ற படைவீரர்களைக் கொண்டுபோய் அங்கே குடியமர்த்துவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வயல் அளந்து கொடுப்பார்கள். அந்தக் குடியிருப்புக்குக் ‘கொலோனியா’ என்று பெயர். ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரம் கி.பி. 50இல் இப்படிப் பெயர் பெற்றது. ஊர்ப் பெயரே காலனிதான். இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தின் பெயருக்குள்ளும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. காலனியில் குடியிருப்பவன் அங்கே மரியாதைக்குரியவன். கையில் நிலம், பின்னால் பேரரசு. யாருடைய நிலத்தைப் பிடுங்கி அவனுக்குக் கொடுத்தார்களோ, அவர்கள்தான் ஊருக்கு வெளியே போனவர்கள்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் ரோமப் பேரரசின் பிற்காலத்திலேயே வந்துவிட்டது. உழவன் என்ற பொருளில் இருந்த ‘கொலோனுஸ்’, மெல்ல மெல்லப் பெரிய நிலவுடைமையாளரின் நிலத்தில் கட்டுண்டு கிடக்கும் குத்தகையாள் என்று ஆனது. கி.பி. 332இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: தப்பி ஓட நினைக்கும் கொலோனுஸை அடிமையைப் போலச் சங்கிலியால் பிணைக்கலாம். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே சொல்லின் வயிற்றில் நிலம் பெற்றவனும் இருந்தான், நிலத்தோடு கட்டப்பட்டவனும் இருந்தான். இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகு இந்தச் சொல் கப்பலேறியது. அட்லாண்டிக் கரையில் 13 காலனிகள், அவை பின்னர் அமெரிக்கா. 1788இல் கைதிகளை இறக்கிவிட்ட நியூ சவுத் வேல்ஸ், அது தண்டனைக் காலனி. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858இல் அந்தமானிலும் அப்படி ஒன்று. இதில் ஒரு வேடிக்கை: ‘காலனி ஆதிக்கத்தில் இருந்த இந்தியா’ என்று நாம் எழுதுகிறோமே, பிரிட்டிஷ் நிர்வாகக் கணக்குப்படி இந்தியா காலனிகளின் பட்டியலில் இல்லை. லண்டனில் காலனிகளுக்கு ஓர் அலுவலகம், இந்தியாவுக்குத் தனி அலுவலகம். இலங்கைதான் காலனி; அது காலனி அலுவலகத்தின் கீழ் இருந்தது. மொரீஷியஸ், நேட்டால், பிஜி எல்லாம் காலனிகள்.

அந்தக் காலனிகளுக்கு யார் போனார்கள்? 1860இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. அதன் பிறகு பல பத்தாண்டுகள், கப்பல் கப்பலாகப் போனவர்களில் பெரும் பங்கு நம் சேரிகளிலிருந்து போனவர்கள். இலங்கையின் தேயிலை மலைகளுக்கு நடந்தே போனவர்களிலும் அப்படித்தான். நேட்டாலில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளைக் ‘கலோனியல் பார்ன்’, அதாவது காலனியில் பிறந்தவர்கள் என்று குறிப்பிட்டார்கள். நம் ஊரில் பிள்ளைகளைப் பார்த்து “காலனிப் பசங்க” என்று சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, கடலுக்கு அப்பால் நம் ஆட்கள் காலனிப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

இலங்கையில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கசப்பும் உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்ற அரசுக் குடியேற்றத் திட்டங்களில் குடும்பத்துக்கு வயல், வீட்டுக் காணி, வாய்க்கால் தண்ணீர் எல்லாம் கொடுத்துக் கிழக்கில் ஆட்களைக் குடியமர்த்தினார்கள். கிழக்கிலங்கைத் தமிழர் பேச்சில் ‘கொலனி’ என்றாலும் ‘குடியேற்றம்’ என்றாலும் தங்கள் நிலத்தின் மீது இன்னொருவரை அரசு கொண்டுவந்து வைத்தது என்ற நினைவு எழும். 1956இல் கல்லோயாவில் தமிழர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே காலனி என்பது ரோமானியப் பொருளுக்கு மிக அருகில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தக் காலனியில் வயல் உண்டு.

வயலோடு கூடிய காலனி இந்தியாவிலும் இருந்தது. பஞ்சாபில் 1880களிலிருந்து பிரிட்டிஷ் அரசு வறண்ட நிலத்துக்குப் பெரிய கால்வாய்களை வெட்டி, லட்சக்கணக்கான ஏக்கர்களைப் பாசனத்துக்குக் கொண்டுவந்தது. அவற்றுக்குக் கால்வாய்க் காலனிகள் என்று பெயர். இன்று பாகிஸ்தானில் உள்ள பைசலாபாத், அன்றைய லயல்பூர், செனாப் காலனியின் நகரம். பகத் சிங் அந்தப் பகுதியில் பிறந்தவர். அந்த நிலமெல்லாம் யாருக்குப் போனது? பெரும்பாலும் ‘விவசாயச் சாதி’ என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்கும் படையில் இருந்தவர்களுக்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் பாடுபட்ட தலித்துகள் அந்தக் கணக்கில் விவசாயிகளே இல்லை. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில மாற்றுச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. விவசாயச் சாதிக்காரரின் நிலத்தைப் பட்டியலுக்கு வெளியே உள்ளவர் வாங்க முடியாது. தலித் தொழிலாளி காசு சேர்த்தாலும் நிலம் வாங்க வழியில்லை. வட்டிக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றவே இந்தச் சட்டம் என்றார்கள். வட்டிக்கடை வைக்க வசதியில்லாத மக்கள் ஏன் அதில் மாட்டிக்கொண்டார்கள் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அம்பேத்கர் இந்தச் சட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியதற்குக் காரணம் உண்டு.

இப்போது சென்னை மாகாணத்துக்கு வருவோம். இங்கே காலனிக்கு முன் இருந்தது சேரி. ‘சேரி’ என்ற சொல்லுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சங்க இலக்கியத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லோரும் ‘குடவோலைத் தேர்தல்’ என்று பெருமையாகப் படிப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அவை. அந்த ஊரில் 12 சேரிகள் இருந்தன என்று அவை சொல்கின்றன. எல்லாம் பிராமணர் வாழ்ந்த தெருக்கள். ஆம், பிராமணர்கள் சேரியில்தான் இருந்தார்கள்! ஒரு நூற்றாண்டுக்குள், ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலக்கணக்கு வருகிறது. வரி நீக்கிய இடங்களை அதில் வரிசையாகச் சொல்கிறார்கள்: ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்ற கோடு அங்கே கல்லில் விழுந்திருக்கிறது. பிறகு முன்னொட்டுகள் உதிர்ந்தன. வெறும் சேரி என்றாலே யாருடையது என்று எல்லோருக்கும் புரியும் காலம் வந்தது. பிராமணர் தெரு அக்கிரகாரம் ஆகிவிட்டது. கன்னடத்தில் ‘கேரி’ என்ற உறவுச் சொல்லுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். சித்தலிங்கையாவின் தன்வரலாறு தமிழில் ‘ஊரும் சேரியும்’ என்ற பெயரில் வந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள்.

ஆகவே சேரி என்ற சொல் கெட்டுப்போகவில்லை. யாரிடமிருந்து நிலத்தைப் பறித்து ஓரத்தில் ஒதுக்கினார்களோ, அவர்கள் குடியிருந்ததால் அந்தச் சொல்லின் மீது இழிவு ஏற்றப்பட்டது. இதே வேலை காலனிக்கும் நடந்தது, ஆனால் ஆயிரம் ஆண்டு ஆகவில்லை. நூறு ஆண்டு கூட ஆகவில்லை.

அதற்கு நடுவில் வீட்டுமனை என்ற பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் குறிப்பிடுகிறோம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணை எண் 1010 நம் தோழர்களுக்கு மனப்பாடம். அந்த அறிக்கையில் நிலத்தைப் போலவே முக்கியமாக வருவது குடிசை நிற்கும் இடம். கிராமத்தில் உள்ள தரிசு, தோப்பு, சேரி மனை எல்லாமே தங்கள் மிராசு என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். இதன் விளைவு என்ன? கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், “என் இடத்தைக் காலி பண்ணு” என்று ஒரு வார்த்தை போதும். சங்கிலி தேவையில்லை. ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய ‘தி பரையா ப்ராப்ளம்’ என்ற ஆங்கில நூலில் இந்த வீட்டுமனைச் சண்டையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நாங்கள் முதுகலை படித்தபோது எங்கள் பாடத்திட்டத்தில் இந்த விஷயம் ஒரு பத்தி கூட இல்லை.

1920இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாக்கப்பட்டு, தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் நலம் அவர் பொறுப்பில் வந்தது. அவரது துறை செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று வீட்டுமனை. அரசு நிலம் இருந்தால் அதைப் பிரித்துக் கொடுப்பது, இல்லாவிட்டால் தனியாரிடம் கையகப்படுத்துவது, கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவணையில் மக்களிடம் பணம் வாங்கிக்கொள்வது. மிராசுதாரரின் பிடியிலிருந்து குடிசையை விடுவிக்க இது உண்மையாகவே உதவியது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் மனையை எங்கே கொடுத்தார்கள்? ஊருக்குள் இல்லை. சேரிக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஓரம், சுடுகாட்டுப் பாதையில், மழைக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில். ஊருக்குள் மனை வாங்கித் தரும் துணிச்சல் எந்த அதிகாரிக்கும் இருக்கவில்லை. சேரி இருந்த திசையிலேயே புதுக் குடியிருப்பும் வரிசை வரிசையாக எழுந்தது.

அந்த வரிசைகளுக்கு ‘காலனி’ என்ற பெயர் எப்படிப் பொருந்தியது என்பதற்கு அந்தக் காலத்து ஆங்கிலத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சால்வேஷன் ஆர்மியை நிறுவிய வில்லியம் பூத், 1890இல் எழுதிய புத்தகத்தில் ஏழைகளை மீட்க நகரக் காலனி, பண்ணைக் காலனி, கடல் கடந்த காலனி என்று மூன்று படிகளைச் சொன்னார். ஒழுங்குபடுத்த வேண்டிய மக்களைத் தனியே ஓரிடத்தில் வைப்பதற்கு அந்தச் சொல் வசதியாக இருந்தது. தொழுநோயாளிகளுக்கும் காலனி. ஆய்வகத்தில் தட்டில் வளரும் பாக்டீரியாவுக்கும் காலனி. எறும்புக்கும் காலனி. இன்னொரு பக்கம் ரயில்வே போன்ற நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கட்டிய குடியிருப்புகளும் காலனிகள். திருச்சி பொன்மலையில் அப்படி ஒரு பெரிய ரயில்வே காலனி இருக்கிறது. நேரான தெரு, ஒரே மாதிரி வீடு, மேலே ஒரு நிர்வாகம். இவை எல்லாவற்றையும் ஒரே சொல் தாங்கியது. 1946இல் காந்தி டெல்லியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் வந்து தங்கினார். அந்த இடத்துக்கு அப்போதே ‘பங்கி காலனி’ என்று பெயர். சாதிப் பெயரோடு காலனி ஒட்டிக்கொண்டுவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாட்டில் அது ‘அரிசன காலனி’ ஆனது, பிறகு ‘ஆதிதிராவிடர் காலனி’, சுருக்கமாக ‘ஏ.டி. காலனி’. காந்தி கொடுத்த ‘ஹரிஜன்’ என்ற பெயரை நம் மக்கள் ஏற்கவில்லை. சாதிச் சான்றிதழில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 1982இல் ஒன்றிய அரசே சொன்னது. ஆனால் வீட்டுமனைக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாடு அரசு 1978இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே ‘அரிசன நலத் திட்டங்கள்’ இருக்கிறது.

இங்கே எங்களுக்குள்ளேயே ஒரு கருத்து வேறுபாடு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் ஒருவரின் பாட்டிக்குக் ‘காலனி வீடு’ என்பது பெருமையான சொல். ஓலைக் குடிசையில் பிறந்து, மூன்று முறை தீயில் எல்லாவற்றையும் இழந்தவர். 1974இல் தொடங்கிய தாட்கோ, ஆதிதிராவிட மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதைத் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. பாட்டிக்கு ஒரு தொகுப்பு வீடு கிடைத்தது. ஒரு அறை, ஒரு திண்ணை, மேலே காங்கிரீட். “எங்களுக்குக் காலனி வந்துடுச்சு” என்று அவர் உறவினருக்கெல்லாம் சொல்லி அனுப்பினாராம். வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எரியாத கூரை என்றால் என்ன என்று அந்தத் தலைமுறைக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லை ஒழிக்க வேண்டும் என்று பேரன் சொன்னபோது பாட்டிக்குக் கோபம் வந்தது. பேரனுக்கோ, கல்லூரி விடுதியில் முகவரியைப் பார்த்துவிட்டு அறைத் தோழன் பார்த்த பார்வை மறக்கவில்லை. இருவரும் சொல்வது உண்மை.

எந்தக் காலனி என்பதுதான் கேள்வி. டெல்லியில் டிபன்ஸ் காலனி, பிரெண்ட்ஸ் காலனி என்றால் கோடிகளில் விலை. நம் நகரங்களில் எல்.ஐ.சி. காலனி, பேங்க் காலனி, போலீஸ் காலனி என்று முகவரி கொடுத்தால் வீட்டு உரிமையாளர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். முன்னால் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் மரியாதை. முன்னால் ஒன்றும் இல்லாமல் வெறும் ‘காலனி’ என்றால் அடுத்த கேள்வி வராது, வீடு காலியில்லை. சேரிக்கு முன்னொட்டு உதிர்ந்ததைப் போலவே காலனிக்கும் உதிர்ந்துவிட்டது. பஞ்சாயத்துப் பலகைகளில் அதைக் ‘காலணி’ என்று, செருப்பு என்று பொருள்படும்படி எழுதி வைத்திருப்பதை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறோம். எழுத்துப் பிழைதான். ஆனால் எந்த ஊரிலும் அதைத் திருத்த யாரும் அவசரப்பட்டதில்லை.

அம்பேத்கரும் தனிக் குடியிருப்புத்தானே கேட்டார் என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். 1942இல் நாகபுரியில் நடந்த அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட வகுப்பார் மாநாட்டில் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது உண்மை. 1947இல் அவர் எழுதிய ‘ஸ்டேட்ஸ் அண்ட் மைனாரிட்டீஸ்’ என்ற திட்ட வரைவிலும் அது வருகிறது. ஆனால் அவர் கேட்டது என்ன என்று அந்த வரைவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குடியேற்றத்துக்கென அரசமைப்பின் கீழ் ஓர் ஆணையம். பயிரிடப்படாத அரசு நிலம் முழுக்க அதன் கையில். தேவைப்பட்டால் புதிய நிலம் வாங்க ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அரசு தர வேண்டும். தலித் மக்கள் அங்கே தங்கள் சொந்தக் கிராமத்தில், சொந்த வயலில் வாழ வேண்டும். ஊர்க்காரரின் வயலுக்குக் கூலிக்குப் போகும் தொலைவில் இருக்கக் கூடாது. லத்தீன் படித்தவர்களுக்கு அது புரியும்: அவர் கேட்டது உழவனின் காலனி.

நமக்குக் கிடைத்தது உழவு இல்லாத காலனி. சில சென்ட் மனை, அதுவும் அதே ஊரின் வாசலில், அதே வயலின் வரப்பில். காலையில் எழுந்தால் வேலைக்கு அவர்களிடம்தான் போக வேண்டும். 1971இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த குடியிருப்பு உரிமைச் சட்டம் விவசாயத் தொழிலாளர்களைக் குடிசை மனைக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கியது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மனைக்கு உரிமையாளர், நிலத்துக்குக் கூலி என்ற நிலை அப்படியே தொடர்ந்தது. நிலம் கேட்டபோது என்ன நடந்தது என்பதை 1994 அக்டோபர் 10 சொல்லும். காரணைப் பஞ்சமி நிலத்தில் நிறுவிய அம்பேத்கர் சிலையை அகற்றியதை எதிர்த்துச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம். இடையில் ஒரு நூற்றாண்டு.

பக்கத்து மாநிலத்தில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 1970இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரர்களுக்கு அவர்கள் பயிரிட்ட நிலம் கிடைத்தது. அதே நிலத்தில் கூலிக்கு இறங்கிய தலித்துகளுக்குக் குடிகிடப்பு மனை. பஞ்சாயத்துப் பகுதியில் அதிகபட்சம் 10 சென்ட், நகரத்தில் அதைவிடக் குறைவு. 1972இல் லட்சம் வீடு திட்டம் வந்தது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு நடுச்சுவர். மலையாளத்திலும் ‘காலனி’ வசையாகிவிட்டது. 2024 ஜூனில், அமைச்சர் பதவியிலிருந்து விலகும் நாளில் கே. ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்ட ஆணை ஒன்றில் ‘காலனி’ போன்ற சொற்களுக்குப் பதிலாக ‘நகர்’, ‘உன்னதி’, ‘பிரகிருதி’ என்ற பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன. அதற்கு முன்பே 2020 டிசம்பரில் மகாராஷ்டிர அமைச்சரவை ‘மஹார்வாடா’ போன்ற பெயர்களை மாற்ற முடிவெடுத்தது. தமிழ்நாட்டின் அறிவிப்பு இந்த வரிசையில் வருகிறது.

எங்கள் நிலை இதுதான். பெயரை மாற்றட்டும். ஒரு பிள்ளை விண்ணப்பப் படிவத்தில் முகவரி எழுதும்போது பேனா தயங்குகிறது என்றால், அந்தத் தயக்கத்தைப் போக்குவது அரசின் கடமை. ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரால் ஒன்றையும் இழக்காதவர்கள். ஆனால் நகர் என்று மாற்றினால் பாதுகாப்பு வந்துவிடும் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் சாதிவெறிக் கும்பல் மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தியது. ஒன்றின் பெயர் நத்தம் காலனி, ஒன்று கொண்டம்பட்டி, இன்னொன்று அண்ணா நகர். தீ வைத்தவர்களுக்குக் காலனிக்கும் நகருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூர் ஏ.டி. காலனியில் மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகளின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். பக்கத்து மனைக்காரர் தன் வீட்டுக்கு எழுப்பிய உயரமான கல்சுவர். சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று காலனி மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தின் பெயர் வேறாக இருந்திருந்தால் அந்த முறையீட்டுக்கு யாராவது காது கொடுத்திருப்பார்களா? தெருப் பலகையில் இருக்கும் பெயரை வைத்து மட்டும் அதிகாரி முடிவெடுப்பதில்லை. குடியிருப்பு ஊரின் எந்தத் திசையில் இருக்கிறது, வீட்டுவரி ரசீதில் யார் பெயர், இவர்களுக்காக யார் தொலைபேசியில் பேசுவார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

அறிவிப்புக்குப் பிறகு எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பு மக்கள் தாங்களே கூடி ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர்ப் பலகைக்குக் காசு வசூலித்தபோது, முதலில் சொன்ன அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். இப்போது நில அளவை சம்பந்தமாகப் படிக்கிறாள். பலகைக்கான விவாதம் முடிந்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். 1980களில் கொடுத்த மனைகளுக்கு ஒப்படைப் பத்திரம் மட்டும்தான் கையில் இருக்கிறது. கிராமக் கணக்கில் இன்னும் பழைய நிலக்காரரின் பெயரே இருக்கிறதா, யாராவது பார்த்தீர்களா? யாரும் பார்த்திருக்கவில்லை. 62 வீடுகளில் 19 பேரிடம்தான் பட்டா இருந்தது. பலகை எழுத ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு மனு போட்டோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கிய எழுத்தர் முகவரியைப் படித்துவிட்டு, “இது எந்த நகர்? இங்க அப்படி ஒண்ணும் இல்லையே” என்றார். வரைபடத்தில் கைவைத்துக் காட்டினோம். “ஓ, காலனியா” என்று சொல்லிவிட்டு, புதிய பெயருக்குக் கீழே பென்சிலால் அதை எழுதிக்கொண்டார். நகல் இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.